கை கொடுக்காத சமாதானம்

பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் என்னிடம் நீட்டப்பட்ட ஒரு கையை, அது கறுப்புக் கை என்பதற்காக நான் தொடவில்லை. ஒரு நாளல்ல, ஒரு குளிர்காலம் முழுவதும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பாரிஸில், லா சப்பலுக்குப் பக்கத்தில் ஒரு தேவாலயம். என் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. அங்கே என்னை முதலில் வரவேற்றவர் ஆபிரிக்காவின் சயீரிலிருந்து வந்த ஒரு நடுவயதுக்காரர். வாசலில் தயங்கி நின்ற என்னை உள்ளே கூட்டிப்போய், சூடாக்கிக்கு அருகே தன் பக்கத்தில் இருத்தினார். அதன்பிறகு ஞாயிறுதோறும் அந்த இடத்தில் தன் தொப்பியை வைத்து எனக்காகப் பிடித்து வைப்பார்.

என்னோடு அறையில் இருந்த மன்னார் இளைஞன் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"கறுவலோடை நிண்டால் எங்களையும் சேர்த்துத்தான் பொலிஸ்காரர் மறிப்பாங்கள், அண்ணை. விசா கிடைக்குமட்டும் கவனம்."

நான் பட்டதாரி; ஊரில் படிப்பித்தவன். அவனைத் திருத்தியிருக்க வேண்டும். எங்கள் இருவரின் நிறத்தையும் கண்ணாடியில் பார்த்திருந்தாலே போதும். ஆனால் அந்தப் பேச்சு எனக்குள் இறங்கிவிட்டது. மெத்ரோ படிகளில் நீலச் சீருடையைக் கண்டால் வந்த வழியே திரும்பிவிடும் காலம் அது. திருப்பி அனுப்பினால் எந்த இராணுவ முகாமில் போய் முடிவேன் என்று நினைத்தே தூக்கம் கெட்டது.

அடுத்த ஞாயிறு அவர் கையை நீட்டியபோது நான் கைகூப்பினேன். எங்கள் ஊர்க் கோயிலில் சமாதானத்தை அப்படித்தான் சொல்வோம். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. உடனே மறுபக்கம் திரும்பி, அங்கிருந்த பிரெஞ்சு மூதாட்டிக்குக் கை கொடுத்தேன். சயீர்க்காரர் சிரித்தார். வழக்கம் என்று எடுத்துக்கொண்டார் என நினைத்தேன். மறுவாரத்திலிருந்து அவரும் எனக்குக் கைகூப்பினார்.

பங்குனியில் ஒரு நாள், பூசை முடிந்து போகையில் மெத்ரோ வாசலில் பொலிஸ் என்னை மறித்தது. நான் தனியாகத்தான் நின்றேன். பக்கத்தில் எந்தக் கறுப்பரும் இல்லை. மடித்து மடித்துக் கிழிந்த என் தற்காலிக வதிவிடக் கடதாசியை ஒருவன் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான். எனக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் வரவில்லை. அப்போது சயீர்க்காரர் வீதியைக் கடந்து வந்தார். யாரும் கேட்காமலே தன் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்.

"இவர் எங்கள் கோயில்காரர். ஞாயிறுதோறும் என் பக்கத்தில்தான் இருப்பார்."

அவரையும் சுவரோடு நிறுத்தி, பையைக் கொட்டிப் பார்த்தார்கள். பிறகு இருவரையும் விட்டார்கள்.

அடுத்த ஞாயிறு நான் முந்திக்கொண்டு கை நீட்டினேன். அவர் பழக்கப்படி கைகூப்பினார். பூசை முடிந்ததும் அவரை நிறுத்தி, தெரிந்த பிரெஞ்சில் உண்மையைச் சொன்னேன். அது வழக்கமல்ல, பயம். உங்களோடு சேர்த்து என்னையும் எண்ணிவிடுவார்கள் என்ற பயம் என்றேன். மன்னிப்புக் கேட்டேன்.

"தெரியும்," என்றார். "அந்த அம்மாவுக்கு நீங்கள் கை கொடுத்ததைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்."

அப்படியிருந்தும் ஏன் வீதியைக் கடந்து வந்தார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

மறுவாரம் கோயிலுக்குள் நுழைய, முதல் நாளைவிடப் பயமாக இருந்தது. சமாதானம் சொல்லும் நேரத்தில் அவர் கை கொடுத்தார்; இறுக்கமாகவே கொடுத்தார். பிறகும் பக்கத்தில் இடம் கிடைத்த நாட்களில் எல்லாம் கொடுத்தார். சூடாக்கி அருகே தொப்பி மட்டும் இல்லை. இடம் வெறுமையாக இருந்தால் போய் இருப்பேன். இல்லாத ஞாயிறுகளில், பின்வரிசையில் நின்று, அவர் வேறு யாருக்கோ கை கொடுப்பதைப் பார்ப்பேன்.