நீலத்தில் வந்தவர்

எங்கள் கம்பெனியில் சம்பளம்தான் கம்மி, தொழிலாளியின் மனதைப் புரிந்துகொள்ளும் ஆசைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. ஆந்திர எல்லையில் சத்தியவேடு பக்கம் மோட்டார் உதிரி பாகம் செய்கிறோம். நான் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். ஹெச்.ஆர் பார்ப்பவள் யாமினி, உள்ளூர்ப் பெண்.

போன வருஷம் திருப்பதி ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு உத்தரவு வந்தது. எல்லாருக்கும் குணச் சோதனை ஒன்று வைக்க வேண்டும், எதை வைக்கலாம் என்று யாமினியே பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் முன்னால் இரண்டு இருந்தன. ஒன்று ஆள் எடுப்பதற்கென்றே செய்தது. எந்த வேலைக்கு எந்தக் குணம் தேவை என்று முதலில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும், விடையைப் படிக்கவும் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். மற்றது சின்னது. டிக் அடித்தால் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஆளுக்கொரு நிறம் வரும். கூட வேலை செய்கிறவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டு சிரித்துப் பேசத்தான் அது. ஆளா எடுக்கப் போகிறோம், ஆட்களுக்குள் சண்டை குறைந்தால் போதும் என்று யாமினி சின்னதையே எடுத்தாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

கேன்டீனில் எல்லாருக்கும் சோதனைப் பேப்பரைத் தெலுங்கில் கொடுத்துவிட்டு, "இதால ஒருத்தர் வேலைக்கும் ஒண்ணும் ஆகாது, மனசுல இருக்கறதைப் போடுங்க" என்று மைக்கில் சொன்னாள். யார் நம்பினார்கள்? கம்பெனிக்கு எது பிடிக்குமோ அதையே பக்கத்து ஆளிடம் கேட்டுக் கேட்டு டிக் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கும் கோவர்தன் மட்டும் எழுந்து அவளிடம் போனார். அவளுடைய தெருக்காரர், வயதில் மூத்தவர்.

"எல்லாரும் கூட்டமா வேலை செய்யப் புடிக்கும்னு போட்டுக்கினு கீறாங்க யாமினிம்மா. எனக்குத் தனியா பாத்தாதான் வேலை ஓடும். இன்னா போடட்டும்?"

"நெசத்தைப் போடுங்கண்ணா. நான் இருக்கேன் இல்ல?"

அவர் நிஜத்தைப் போட்டார். கம்பெனி முழுக்க மஞ்சளும் சிவப்புமாக வர, கோவர்தனும் அவரைப் போல யாமினியை நம்பிய நாலைந்து பேரும் தனியாக இருக்கப் பிடித்தவர்களின் நிறமான நீலத்தில் வந்தார்கள்.

ஆறு மாதம் கழித்து முரளிதரன் மேனேஜராக வந்தார். வந்த வேகத்தில் இரண்டு லைனை ஒன்றாக்கி, ஆள் குறைக்கச் சொன்னார். யாரை என்று கேட்டதற்குக் குண்டைத் தூக்கிப் போட்டார்: நீலம் எல்லாம் டீமுக்கு லாயக்கில்லாதவர்கள், அவர்களை அனுப்பிவிடலாம். ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கலகலப்பான ஆள் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

யாமினிக்குச் சோறு இறங்கவில்லை. கோவர்தன் மனைவி சுந்தரிக்கு இதயத்தில் கோளாறு. வைத்தியம் எல்லாம் கம்பெனி கொடுத்த ஈ.எஸ்.ஐ. கார்டில்தான் ஓடுகிறது. வேலை போனால் அதுவும் போகும். சோதனையை விற்ற ஆளுக்கு போன் போட்டாள். ஆளைச் சேர்க்கவோ நீக்கவோ இதைப் பயன்படுத்தவே கூடாது என்று அவர் அடித்துச் சொன்னார். அதை மேனேஜரிடம் சொன்னதற்கு, "நீங்க செலக்ட் பண்ணதுதானே மேடம்?" என்றார். திருப்பதிக்கே போய் மன்றாடினாள். கடைசியில் முரளிதரன் இவ்வளவுதான் இறங்கி வந்தார்: நீலக்காரர்கள் அதே பேப்பரை இன்னொரு தரம் எழுதட்டும், நிறம் மாறினால் இருக்கட்டும்.

சாயங்காலம் கம்பெனி பஸ் ஏறும் இடத்தில் கோவர்தனைத் தனியாகக் கூப்பிட்டாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். குனிந்து கெஞ்சுகிற குரலில் சொன்னாள்: "அண்ணா, இந்த வாட்டி பொய் போடுங்க. கூட்டம் புடிக்கும், எல்லார்கூடவும் பேசப் புடிக்கும்னு போடுங்க. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன்."

அவர் தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸில் ஏறினார்.

மறுநாள் எழுதினார்கள். மற்றவர்கள் எல்லாரும் மஞ்சளுக்கு மாறிவிட்டார்கள். கோவர்தன் மறுபடியும் நீலம். யாமினி நேராக இன்ஸ்பெக்‌ஷன் மேஜைக்கு ஓடினாள். ஒரு பாகம் எடுத்துக் கொடுக்க வந்த நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

"ஏண்ணா இப்படிப் பண்ணீங்க? அவ்ளோ சொன்னேனே."

அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். கோபமே இல்லை அவரிடம்.

"நீங்க சொன்னதை சுந்தரிகிட்ட சொன்னேன் மேடம். போன வாட்டி அந்தம்மா பேச்சைக் கேட்டுத்தான் நீ மாட்டிக்கினே, இப்ப பொய் எழுதச் சொல்லி, அதையே காரணம் காட்டி அனுப்பப் பாக்கறாங்க, அவங்க சொன்னதை மட்டும் செய்யாதன்னு என் கையப் புடிச்சி சத்தியம் வாங்கிக்கினா."

என்ன சொன்னாலும் இனி அவர் நம்ப மாட்டார் என்று யாமினிக்குத் தெரிந்துவிட்டது, எனக்கும் தெரிந்தது. அவர் அடுத்த பாகத்தை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"நான் சரியாத்தானே போட்டேன் மேடம்?"