பால்வண்டிக்கு வந்த டீசல் எஞ்சின்

என் அக்காள் வீட்டுக்காரர் இருபத்தாறு வருஷமாக ஒரே பிக்கப் வண்டியில் பால் கேன் ஏற்றுகிறார். விடியுமுன் பன்னிரண்டு வீடுகளில் பால் எடுத்து, ஆறு மணிக்குள் பால்பண்ணையில் இறக்க வேண்டும். கடவுள் அவருக்குக் கொடுத்த பிழைப்பு அது ஒன்றுதான். அவரும் குறை சொன்னதில்லை.

போன மாதம் வண்டியின் பெட்ரோல் எஞ்சின் புகைந்து நின்றுவிட்டது. நொறுங்கிய வேன் ஒன்றிலிருந்து டீசல் எஞ்சினைக் கழற்றி வந்தார். பழைய கியர் பெட்டியின் துளைகளும் இதன் துளைகளும் ஒத்துப்போகவில்லை. லேத்துக்காரர் நடுவில் வைக்க ஓர் இரும்புத் தட்டு கடைந்து கொடுத்தார். மற்றதெல்லாம் அத்தான் வாசலில் மல்லாந்து படுத்துச் செய்த வேலை. எட்டு நாள் ஆனது; அதுவரை வாடகை வண்டியில் பால் போனது. பகலில் ஓட்டிப் பார்த்தார், நன்றாக ஓடியது.

மறுநாள் விடிகாலை, நல்ல குளிர். எஞ்சின் பிடித்தது, நாலு சுற்று சுற்றி அணைந்துவிட்டது. திரும்பப் பிடித்தது, திரும்ப அணைந்தது. வெயில் ஏறிய பிறகுதான் கிளம்பியது. அடுத்த நாளும் அதே கதை. இரண்டு நாள் பாலும் திரிந்துபோனது.

பண்ணை மேலாளர் சத்தம் போடவில்லை. "உங்கள எனக்குத் தெரியும். ஆனா இன்னொரு தரம் லேட்டானா வேற வண்டி பாத்துக்குவேன்" என்றார்.

அன்று பகல் முழுக்க அத்தான் எஞ்சினோடு கிடந்தார். ஃபில்டரை மாற்றினார். டீசல் குழாயில் காற்றுப் பிடித்திருக்கும் என்று நட்டைத் தளர்த்தி, நுரை அடங்கும்வரை கைப்பம்பை அமுக்கினார். பிறகு சாவியைத் திருப்பினால், ஒரே சுற்றில் பிடித்து ஓடுகிறது.

லேத்துக்காரர் வந்து பார்த்தார். "மாத்தி வச்ச இதயம்ல, உடம்பு ஏத்துக்க நாளாகும்."

"எனக்கும் கல்யாணமான புதுசுல இப்படித்தான் இருந்துச்சு" என்றாள் அக்காள்.

அத்தான் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் டார்ச் பிடிக்க அக்காளும் வண்டியில் ஏறினாள். கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தாள். எஞ்சின் பிடித்தது, அணைந்தது. மறுபடியும் அப்படியே. மூன்றாம் தடவை ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"இந்தாங்க, அந்தக் கை அங்க என்ன பண்ணுது?"

"எந்தக் கை?"

"இடது கைதான். எதையோ இழுத்துப் புடிச்சிருக்கீங்களே."

அத்தான் குனிந்து பார்த்தார். கை, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த சோக் குமிழை இழுத்துப் பிடித்திருந்தது. பெட்ரோல் எஞ்சினுக்குக் குளிரில் அதை இழுக்காமல் விடிந்ததே இல்லை. டீசலுக்குச் சோக் கிடையாது. அதே சமயம், அந்தப் பழைய டீசல் சாவியைத் திருப்பினால் நிற்காது. டீசல் வரத்தை அடைத்தால்தான் நிற்கும். அதற்குத் தனிக் கம்பி எதற்கு என்று, சும்மா கிடந்த சோக் கம்பியையே டீசல் பம்பில் மாட்டியிருந்தார்; குமிழை இழுத்தால் டீசல் அடைபடும். இரண்டு நாளாக வண்டியைக் கிளப்பியவரும் அவரே, நிறுத்தியவரும் அவரே.

"அட கடவுளே" என்றார், மெதுவாக.

"அவர ஏன் இழுக்கறீங்க? கைய மடியில வையுங்க. நான் பாத்துக்கறேன்."

அக்காள் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். எஞ்சின் பிடித்தது, ஓடியது. பன்னிரண்டு வீட்டிலும் பால் ஏற்றி, ஆறுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் பண்ணைக்குள் போய்விட்டார்கள்.

கடைசிக் கேன் இறங்கும்வரை அத்தான் எஞ்சினை நிறுத்தவேயில்லை.