புயல் பிறக்கும் இடம்

உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்த மனுஷனுக்காக அழக் கூடாது என்று எனக்கு ஊரே சொல்லிக்கொடுத்தது. "உசுரு தப்பிச்சதே பெருசு தாயி, சாமிக்குப் பொங்க வையி" என்றார்கள். வைத்தேன். கோயிலில் மேளக்காரர்கள் பக்கத்தில் நின்று வெளுத்து வாங்கினார்கள். சின்னப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடின. என் வீட்டுக்காரர் மட்டும் பொங்கல் பானையைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். டாக்டர் சொன்னபோது விளங்காதது எனக்கு அங்கே விளங்கியது.

அவர் திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் ஆப்செட் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். பட்டாசுப் பெட்டிகளுக்கு ஒட்டும் லேபிள்தான் அங்கே முக்கிய வேலை. ஒரு தீபாவளி சீசனில் ஆள் பற்றவில்லை என்று, வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போன லேபிள் லோடோடு இவரையும் வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். இவர் வாசல் ஓரம் வண்டி மறைவில் நின்று கட்டு இறக்கும்போது உள்ளே ஒரு அறை வெடித்தது. உள்ளே இருந்தவர்களில் வீடு திரும்பாத எங்கள் தெருக்காரர்கள் உண்டு. அந்த வீடுகளைத் தாண்டித்தான் நான் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டும். அவர்கள் முன்னால் நின்று, என் புருஷனுக்குக் காது போச்சே என்று எந்த வாயால் சொல்லுவேன்? மதுரை டாக்டர் நரம்பு செத்துவிட்டது, காதில் மிஷின் மாட்டினாலும் பிரயோஜனம் இல்லை என்றார். நாங்கள் அதை வெளியே பேசுவதில்லை.

அதற்கு முன்னால் அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது, வினாடி வினா. விருதுநகரில் ஒரு வியாபாரிகள் சங்கம் வருஷா வருஷம் பெரிய கல்யாண மண்டபம் பிடித்து இந்தப் போட்டியை நடத்தும். அணிக்கு மூன்று பேர். காலேஜ் பிள்ளைகள், வாத்தியார்கள், பேங்க்காரர்கள் என்று யார் வேண்டுமானாலும் வரலாம். மண்டபம் கொள்ளாது. வேடிக்கை பார்க்க வரும் பெண்கள் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மாப்பிள்ளை பெண் இல்லாத கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் அணியில் என் வீட்டுக்காரர், அவருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதர், நான். சிநேகிதர் சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸில் கிளார்க். நான் சேர்ந்தது ஒன்றும் அறிவால் இல்லை. மூன்றாவது ஆள் துபாய்க்குப் போய்விட்டான். என்னை உட்காரவைத்தார்கள். கேள்வி பாதியில் இருக்கும்போதே எங்கள் மேசையில் ஒரு கை உயர்ந்துவிடும். அந்தக் கைக்காரரின் பெண்டாட்டி என்ற பெருமையில் நான் பேசாமல் இருப்பேன்.

காது போன பிறகு அந்தப் பக்கமே அவர் போகவில்லை. அச்சகம், வீடு, அவ்வளவுதான். அச்சகத்தில் அவருக்குத் தொந்தரவு இல்லை. மெஷின் ஓடும்போது அங்கே யாருக்குமே எதுவும் கேட்காது. எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள். கல்யாணத்துக்கு முன்னால் அதே அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவள் என்பதால் எனக்கும் அந்தப் பாஷை அத்துப்படி. அதில் ஒரே ஒரு இடத்தில் உதடு காலை வாரிவிடும். 'ப' என்றாலும் 'ம' என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரியும். மை எடு என்றால் பையை எடுத்து வருவான். பை கேட்டால் மை டின் வந்து நிற்கும். அதற்காக எங்கள் ஆட்கள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். 'ம' என்றால் ஒரு விரலால் மூக்கைத் தொட வேண்டும். தொடாவிட்டால் 'ப'. எனக்கு மல்லிகைப்பூ வாங்கி வைத்திருப்பதை மெஷினுக்கு அந்தப் பக்கமிருந்து அவர் மூக்கைத் தொட்டுத் தொட்டுச் சொன்னதில், சூப்பர்வைசர் ஜலதோஷம் என்று நினைத்து அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எங்கள் காதல் கதை அம்புட்டுத்தான்.

காலண்டர் சீசன் முடிந்து அச்சகம் ஓய்ந்திருந்த ஒரு நாள் சிநேகிதர் போட்டி நோட்டீஸோடு வந்தார். நான் கண்ணைக் காட்டி, வேண்டாம் என்றேன். இவர் நோட்டீஸை வாங்கிப் படித்தார். வெகு நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"ஒரு தடவ போய்ப் பாப்பம்" என்றார் என்னிடம். "நாலு பேருக்கு நடுவுல உக்கார முடியுதா இல்லையான்னு எனக்குத் தெரியணும். முடியலன்னா வீட்டோட இருந்துக்கிடுதேன். ஆனா ஒண்ணு. காது கேக்காதுன்னு அங்கன ஒருத்தர்ட்டயும் மூச்சு விடப்படாது. சொன்னா எந்திரிச்சு நின்னு கை தட்டுவாக. அதுக்கா போறேன்?"

சரி என்றேன். அன்றைக்கு ராத்திரி சோற்றில் உப்புப் போட மறந்துவிட்டேன். அவர் அதையே சாப்பிட்டு எழுந்தார்.

முதல் சுற்று எழுத்துத் தேர்வு. மண்டபம் முழுக்கக் குனிந்த தலைகள். தாளில் அச்சடித்த கேள்விக்குக் காது எதற்கு? அவர் எழுதிக்கொண்டே போனார். நானும் சிநேகிதரும் பேனாவை மூடிவைத்துவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேடைக்குத் தேர்வான அணிகளை வாசித்தபோது எங்கள் ஊர்ப் பெயர்தான் முதலில் வந்தது. நான் அவர் தொடையில் தட்டி எழுப்பினேன். வேட்டியைச் சரிசெய்துகொண்டு அவர் மேடை ஏறிய வேகத்தைப் பார்த்தபோது, போன மனுஷன் திரும்பி வந்துவிட்டார் என்று பட்டது. முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கம் பொரித்த பரோட்டா வாங்கித் தரச் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

மேடையில் எல்லாம் வாய்ப் பேச்சுதான். கேள்வி கேட்டவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். நல்ல தமிழ், நல்ல குரல் என்று மண்டபம் அவரை மெச்சியது. அந்த நல்ல குரலுக்கு மைக்கைச் சரியாக வாய்க்கு நேரே பிடித்துக்கொள்ளும் பழக்கம் இருந்தது. உதடே தெரியவில்லை. அதனால் நான் கேள்வியை வாங்கி, அவர் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல் உதட்டாலும் கையாலும் சொன்னேன். அணிக்குள் பேசிக்கொள்ளலாம் என்பதால் முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர் விடையை உரக்கச் சொன்னார். மைக்கே வேண்டாம், கடைசி வரிசைக்குக் கேட்டது. தைரியமான ஆள் என்று ஜனங்கள் நினைத்திருப்பார்கள். நாங்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தோம்.

பக்கத்து மேசையில் வக்கீல்கள் அணி. சும்மா இருப்பார்களா? எழுந்து ஆட்சேபணை சொன்னார்கள். "அந்தம்மா சும்மா சும்மா மூக்கத் தொடுறாங்க. ஏதோ சைகை நடக்குது. கீழ இருந்து யாரோ பதில் குடுக்காங்க."

கேள்வி கேட்டவர் தன்மையாகத்தான் சொன்னார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. ரெண்டு கையையும் மேசை மேல வெச்சுக்குங்க."

எனக்கு உச்சி வரைக்கும் ஏறியது. அவருக்குக் காது கேட்காதுய்யா, கேஸ் போட வந்த மூஞ்சிகளா என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன். மேசைக்கு அடியில் என் பாதத்தின் மேல் அவருடைய பாதம் வந்து அழுத்தியது. என்ன பேச்சு நடக்கிறது என்று அவருக்குக் கேட்கவில்லை. ஆனால் என் முகத்தைப் படித்துவிட்டார். வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினார். நான் வாயை மூடினேன். கைகளை மேசை மேல் வைத்தேன். அவை அங்கே கிடந்தன.

கடைசியாக விரைவுச் சுற்று. வக்கீல்களும் நாங்களும் சமமாக நின்றோம். குட்டிக் குட்டிக் கேள்வி, அணிக்கு இரண்டு, தப்புச் சொன்னால் மதிப்பெண் குறையும். அணித் தலைவர் வாயிலிருந்து முதலில் வரும் சொல்தான் விடை. மற்றவர்கள் விடை சொல்லக் கூடாது. வக்கீல்கள் முதலில் ஒன்றைச் சரியாகச் சொல்லி, இன்னொன்றைத் தெரியாது என்று விட்டுவிட்டார்கள். "வெளிமான் சரணாலயம் இருக்கும் ஊர்?" உதட்டால் மட்டும் சொன்னேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மான் என்பதற்கு நான் மூக்கைத் தொடவில்லை. ஆனாலும் பிடித்துவிட்டார். "வல்லநாடு!" சரி. சிநேகிதர் மூச்சு விட்டார்.

அடுத்த கேள்வி, "புயல் பிறக்கும் இடம்?"

நான் திருத்தமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். புயல். பிறக்கும். இடம். அவர் முகம் மலர்ந்தது. இப்போதுதான் மான் கேள்வி முடிந்திருந்தது. கை மேசையில் கட்டிப்போட்டது மாதிரி இருக்கிறது, மூக்கைத் தொடாததற்கு இனி அர்த்தமும் இல்லை. அவர் முயல் என்று படித்தார்.

"பொந்து!" என்றார்.

மண்டபம் ஒரு நொடி புரியாமல் பார்த்தது. பிறகு சிரித்தது. எங்கோ பின்னால் ஒருத்தர் விசிலடித்தார். கேள்வி கேட்டவருக்கும் அடக்க முடியவில்லை. "ஐயா, பொந்துக்குள்ள இருந்து வர்ற அளவுக்கு அவ்ளோ சின்னப் புயலா?" என்று மைக்கில் கேட்டார். சிரிப்பு இன்னும் கூடியது. பட்டுச்சேலைகள் ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்தார்கள்.

இவரும் சிரித்தார். அதுதான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியாதது. அத்தனை முகங்களும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதைக் கண்டு, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து, பல் தெரியச் சிரித்து, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வக்கீல்கள் எழுந்து ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்தார். சிநேகிதரைப் பார்த்தார். சிநேகிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பு இவர் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"ஏன் சிரிக்காக?" என்று என்னைக் கேட்டார்.

"கீழ போய்ச் சொல்லுதேன்" என்றேன்.

அங்கே சிரித்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. வேறொரு அணித் தலைவர் சொல்லியிருந்தால் நானும் கீழே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கோபம் எனக்குள்ளேயே கிடந்தது. இரண்டாம் பரிசு ஷீல்டை அவர் வாங்கிக்கொண்டு கும்பிட்டார். பரோட்டாவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

சிநேகிதர் மண்டப வாசலிலேயே விடைபெற்றுக்கொண்டார். சிவகாசி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். இருட்டத் தொடங்கியிருந்தது. பஸ் நிறைந்து ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கிளம்பியதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கேள்வி என்ன?"

அவர் உள்ளங்கையை விரித்து, என் விரலால் எழுதினேன். புயல். அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு கண்கள் பெரிதாயின. அந்த மேசையில் பழைய நாட்களில் கையைத் தூக்குகிற அதே வேகத்தில் நிமிர்ந்தார். தன் குரல் எம்புட்டுச் சத்தம் என்று அவருக்குத் தெரியாது. அதே நேரம் கண்டக்டர் எங்கள் பக்கத்தில் வந்து, "எங்கண்ணே போகணும்?" என்று கேட்டுக்கொண்டு நின்றதும் அவருக்குத் தெரியாது.

"கடல்!" என்றார்.

பஸ் முழுக்கத் திரும்பியது.

"கடலுக்கா? அண்ணாச்சி, ராமேஸ்வரம் வண்டி அங்கன நின்னுச்சே, பாக்கலயா?" என்றார் கண்டக்டர். "இது சிவகாசியோட சரி. அங்க தண்ணி லாரிதான் வரும்."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் நல்ல மனுஷன்தான். நான் திருத்தங்கலுக்கு ரெண்டு டிக்கெட் வாங்கினேன். இவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சிரிக்கிற வாய்கள், குலுங்குகிற தோள்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிற பெண்கள். இப்போது என்னைக் கேட்பார் என்று நான் காத்திருந்தேன். நீங்க சரியாத்தான் சொன்னீக, அந்த மண்டபத்துல யாரும் சொல்லாத விடைய நீங்கதான் சொன்னீக என்று உதட்டில் தயாராக வைத்திருந்தேன்.

அவர் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முகம் அந்தப் பக்கம் இருந்தால் நான் என்ன சொன்னாலும் அவருக்கு வந்து சேராது. தோளைத் தொட்டேன். மறுபடியும் தொட்டேன். திருத்தங்கல் வரும்வரை அவர் திரும்பவே இல்லை.