ஆடி மாதத்தில் போட்ட கொட்டகை

எனக்குக் கல்யாணம் ஆனது ஆனி மாதத்தில். ஆடி பிறப்பதற்கு முதல் நாளே மாமனார் வந்து பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஆடியில் புதுப்பெண் புருஷன் வீட்டில் இருக்கக் கூடாது என்பதைக் கண்டுபிடித்தவன் எவனோ, அவனுக்குக் கல்யாணமே ஆகியிருக்காது என்று நினைக்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் நானும் அம்மாவும்தான். ஒரு கூடம், ஒரு அடுப்படி, ஒரு அறை. அறை எங்களுக்கு என்று பேர்தானே தவிர அதில் பாதி விறகு. மீதியில் வரட்டி மூட்டை, தேங்காய் மட்டை, புளிப் பானைகள். மிஞ்சிய இடுக்கில் ஒரு பாய். கொல்லையில் போட்டால் நனையும், கரையான் அரிக்கும் என்பது அம்மாவின் கட்சி. ஊருக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால் விறகிலிருந்து ஒரு தேள் இறங்கி என் மனைவியின் தலையணை மேல் உட்கார்ந்திருந்தது. அவள் கத்தவில்லை. விளக்குமாற்றால் ஒரே போடு. வண்டி ஏறும்போது மட்டும் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்.

“அந்த ரூம்ல நாம ரெண்டு பேர் மட்டும் இருக்கறதா இருந்தா ஆவணியில வரேன். தேளும் விறகும் இருக்கும்னா எங்க ஊர்லயே இருந்துக்கறேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அது விளையாட்டா நிஜமா என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காத பயத்திலேயே மறுநாள் விறகுக்குக் கொல்லையில் இடம் கட்டும் வேலையில் இறங்கிவிட்டேன்.

பொன்மலை ரயில் பட்டறையில் நான் கடிதம் எழுதும் குமாஸ்தா. சுத்தியலை எட்ட நின்று பார்த்ததோடு சரி. சீமையிலிருந்து இயந்திரங்கள் வரும் பெட்டிகளைப் பிரித்து, அந்தப் பலகைகளை அங்கே வேலை செய்பவர்களுக்குச் சல்லிசாகக் கொடுப்பார்கள். ஒரு மாட்டுவண்டி நிறைய வாங்கி, அதன் உச்சியில் நானும் ஏறி உட்கார்ந்துகொண்டு காவிரிப் பாலத்தைக் கடந்தேன். கீழே இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை ஊர்வலத்தில்கூட நான் அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.

“ஆடியில யாருடா கட்டடம் ஆரம்பிப்பாங்க?” என்றாள் அம்மா.

“விறகுக்கு ஏதும்மா ஆடியும் ஆவணியும்?”

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் ஆணிகளை எடுத்துக் கொடுத்தது அவள்தான்.

முதல் ஞாயிறு நாலு சவுக்குக் கால்களை நட்டேன். இரண்டாம் ஞாயிறு கிழக்குப் பக்கத்துப் பலகைச் சுவர் அப்படியே என் மேல் சாய்ந்தது. அம்மா ஓடிவந்து முதலில் சுவரைத்தான் பிடித்தாள். கட்டைவிரல் நகம் கறுத்தது, மற்ற விரல்களும் அதைப் பின்பற்றின. ‘இந்தப் பக்கம் மேலே’ என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்த பலகைகளில் பாதியைத் தலைகீழாக அடித்திருக்கிறேன் என்பது வேலை முடிந்த பிறகுதான் தெரிந்தது. போகட்டும், கரையானுக்கு இங்கிலீஷ் தெரியவா போகிறது. எனக்கு இருந்த குஷியில் சுவரையே தலைகீழாக நிறுத்தியிருந்தாலும் வருந்தியிருக்க மாட்டேன்.

மேலே தென்னங்கீற்று வேய்ந்தேன். உள்ளே தரையில் ஈரம் ஏறாமல் இருக்க முழ உயரத்தில் பலகை மேடை போட்டேன். கதவுக்கு மட்டும் மரம் போதவில்லை. பழைய சாக்குகளைச் சேர்த்துத் தைத்துத் திரையாகத் தொங்கவிடலாம் என்று அம்மா யோசனை சொன்னாள். விறகு, வரட்டி, பானை எல்லாம் அறையை விட்டுப் போயின. கழுவிவிட்ட வெறும் அறையின் நடுவில் நின்று கையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். எதிலும் இடிக்கவில்லை. அப்படியே உட்கார்ந்து மனைவிக்கு ஒரு கார்டு எழுதினேன்.

பட்டறையில் நாங்கள் இந்த மாதிரிக் கட்டடத்தை ஷெட் என்போம். லால்குடிப் பக்கத்துக் கிராமத்தில் ஷெட் என்றால் விளங்காதே என்று ரொம்ப அக்கறையாக நல்ல தமிழில் எழுதினேன். “கொல்லையில் கொட்டகை போட்டாகிவிட்டது. மேடையும் தயார். திரை மட்டும் நாளைக்குக் கட்டிவிடுவேன். பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சுகிறார்கள். இனி நீ வர வேண்டியதுதான் பாக்கி. வந்தால் களைகட்டிவிடும்.”

ஆவணி பிறந்தது. நாலு நாள் ஆயிற்று, எட்டு நாள் ஆயிற்று. பெண்ணும் வரவில்லை, பதிலும் வரவில்லை. அவள் அன்றைக்குச் சிரித்தது விளையாட்டில்லை என்று முடிவு செய்தேன். சோறு இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, மாமனார் தனியாக வந்து நின்றார்.

“வாங்க மாமா, உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. அம்மா கொண்டுவந்த தண்ணீரையும் தொடவில்லை.

“கொட்டகையைக் காட்டுங்க மாப்பிள்ளை.”

புகழ் அங்கே வரைக்கும் பரவிவிட்டதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. முன்னால் ஓடிப்போய்ச் சாக்குத் திரையை விலக்கிப் பிடித்தேன். அவர் குனிந்து உள்ளே பார்த்தார். வெளியே வந்து சுற்றிப் பார்த்தார்.

“இதுல எத்தனை பேர் உக்கார முடியும்?”

“உக்கார்றதாவது மாமா, மூச்சு விட இடமில்லாம வரட்டியா அடுக்கியிருக்கேன்.”

அவர் மடியிலிருந்து என் கார்டை எடுத்து, எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தார். கொட்டகை, மேடை, திரை. ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி என்னைப் பார்த்தார். அவருடைய தம்பி ஒருவர் நாடகக் கம்பெனியோடு ஓடிப்போய் இரண்டு மா நன்செயைத் தொலைத்தவர் என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

“மாப்பிள்ளை நாடகம் போடறாரு, எம்பொண்ணை வேஷங்கட்ட வரச்சொல்றாருன்னு ஊரெல்லாம் சொல்லி அழுதுட்டேனே” என்றார். “வெறகு வைக்கறதுக்கு ஆடி மாசத்துல என்ன இவ்வளவு அவசரம்?”

நான் கறுத்த நகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மாதான் பதில் சொன்னாள்.

“ரூமைக் காலி பண்ணணும்னு நின்னான், சம்பந்தி. வேற என்னத்தைச் சொல்ல?”

மாமனார் துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்து, சாப்பிட்டு, தூங்கி, சாயங்கால ரயிலுக்குப் போனார். மறுநாளே ரயிலில் அவளைக் கொண்டுவந்து விட்டார்.

அவள் அறைக்குள் வந்து நாலு மூலையையும் பார்த்தாள். தகரப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

“அப்பா கார்டைப் படிச்சதும் நீயும் நாடகம்னுதான் நினைச்சியா?” என்று கேட்டேன்.

“வேற என்ன நினைக்கறது? அப்படித்தானே எழுதியிருந்தீங்க.”

“அதான் வரலையா?”

“அப்பாதான் விடலை. நான் அன்னிக்கே பெட்டி கட்டிட்டேன். ராணி வேஷமா தோழி வேஷமான்னுதான் தெரியலை. எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டுக்கும் புடவை எடுத்து வச்சேன்.”

பெட்டியைத் திறந்து காட்டினாள். மேலாக இரண்டு இருந்தன, ஒன்று பட்டு, ஒன்று நூல்.