நால்வர் அல்ல, ஐவர்

மெட்ரோ ரயில் எங்கள் தலைக்கு மேலே ஓட ஆரம்பித்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், இப்போது பூட்டிக் கிடக்கிற ஒரு கம்பெனி வாசலுக்கு எதிரே இது நடந்தது. நடந்தது என்று சும்மா சொல்கிறேன். நடத்தினது நான்தான்.

அந்த இடத்தில் ஒரு சிலை உண்டு. ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி சிமென்ட் சிலை, மேலே வெள்ளி பெயின்ட். தூக்குகிறவருக்கு முறுக்கு மீசை, புடைத்த நரம்பு, தலையில் ஹெல்மெட் என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். தூக்கப்படுகிறவருக்கு முகமே கிடையாது. தலை கவிழ்ந்து மற்றவருடைய முதுகோடு ஒட்டிக் கிடக்கும். ஷேர் ஆட்டோக்காரர்களுக்கு அது சிலை ஸ்டாப். பீடத்தில் ஒரு கறுப்பு கிரானைட் கல் பதித்து, "சக தொழிலாளியைக் காக்கச் சென்று உயிர் நீத்த நால்வர் நினைவாக" என்று வெட்டியிருக்கும். அதன் கீழே நான்கு பெயர்கள்.

அந்த 'சக தொழிலாளி' என் அண்ணன்.

அந்தக் கம்பெனியில் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய எப்போதும் கான்ட்ராக்ட் ஆளைத்தான் முதலில் இறக்குவார்கள். அன்றைக்கு இறங்கினவன் என் அண்ணன். உள்ளே விஷவாயு. சத்தமில்லாமல் சரிந்துவிட்டான். மேலே நின்ற நிரந்தரத் தொழிலாளி ஒருவர் அவனைத் தூக்க இறங்கினார். அவரும் வரவில்லை. அவரைத் தேடி இன்னொருவர், அவருக்குப் பின்னால் மற்ற இரண்டு பேர். சாயங்காலம் வெளியே எடுத்துப் படுக்க வைத்தபோது ஐந்து உடல்கள் இருந்தன. ஐந்தையும் நான் பார்த்தேன். அண்ணன் உடம்பு மூன்றாவதாக இருந்தது. கல் வைக்கும்போது மட்டும் எப்படியோ நான்கு ஆகிவிட்டது.

தொழிற்சங்கம் வைத்த கல் அது. என் அண்ணன் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. கான்ட்ராக்ட் ஆளை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், சேராததால் பெயரும் போட மாட்டார்கள். என்ன ஒரு கணக்கு பாருங்கள்!

அம்மா அந்த வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் சிலை வருவதற்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். ராயபுரம் கோயிலுக்கு ஞாயிறு பூசைக்குப் போகிறவள், வழியில் எத்தனை மாதா கெபி வந்தாலும் சிலுவை போட்டுக்கொள்கிறவள், இந்த ஒரு இடத்தில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கக் கடை போர்டுகளைப் படிப்பாள். இத்தனை வருஷமும் அப்படித்தான். நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலடிப்பேட்டை பக்கம் ஒரு பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறேன். எவர்சில்வர் குடம், தட்டு, டிபன் கேரியர் எது வாங்கினாலும் மிஷினை வைத்து டர்ர்ரென்று பெயர் வெட்டிக் கொடுப்பேன். மாமன் சீர், தாய்மாமன் அன்பளிப்பு, காதணி விழா நினைவாக என்று இந்த வட்டாரத்துப் பாதி வீடுகளின் அடுப்படியில் என் கையெழுத்துதான் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் முதன்முதலாக வெட்டினது அண்ணன் சாப்பிடுகிற தட்டில், அண்ணன் பெயரைத்தான். எழுத்தெல்லாம் கோணல்மாணல். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது. "இன்னாடி இது, என் பேரு தட்ட வுட்டு எகிறி ஓடப் பாக்குது!" என்று அண்ணன் சிரித்தான். ஆனால் அதற்கப்புறம் வேறு தட்டில் சாப்பிட்டதில்லை. அவன் போன பின்னும் அந்தத் தட்டு எங்கள் வீட்டு அலமாரியில் தனியாகத்தான் இருந்தது.

ஊரில் உள்ளவர் பெயரையெல்லாம் வெட்டுகிற எனக்கு, அண்ணன் பெயர் இல்லாத அந்தக் கல்லைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் நேராகச் சங்கத் தலைவரிடமே போனேன். கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு, "இன்னாம்மா பண்றது? அவரு கான்ட்ராக்ட்டு. கல்லு வச்சது சங்கம். கமிட்டி ஒத்துக்காது" என்றார். மறுபடி போனேன். மறுபடியும் டீதான் கிடைத்தது.

அன்று திரும்பி வரும்போது கல்லின் முன்னால் நின்று அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தினமும் எழுத்தோடு மாரடிக்கிறவள் இல்லையா, ஒன்று பளிச்சென்று தெரிந்தது. 'நால்வர்' என்பதில் பொய்யாக இருப்பது பாதி வார்த்தைதான். 'நால்' போனால் போதும். 'வர்' அப்படியே இருக்கலாம். முன்னால் ஒரு 'ஐ' போட்டால் வேலை முடிந்தது.

மறுநாள் காலையில், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பஸ்ஸுக்கு நிற்கிற ஜனமும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, 'நால்' மேல் கறுப்பு பெயின்ட் பூசி, அதன் மேலேயே மஞ்சளில் ஒரு 'ஐ' எழுதினேன். ஒளிந்து செய்கிற காரியமா இது? இரண்டு நாளில் யாரோ தின்னர் போட்டுத் துடைத்துவிட்டார்கள். மறுபடி எழுதினேன். மறுபடி துடைத்தார்கள். மூன்றாவது முறை எழுதினபோது, பொதுச் சின்னத்தைச் சேதப்படுத்தியதாகப் போலீசில் புகார் கொடுக்கப்போவதாகச் சங்கத்திலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் வழக்கம்போல, "நமக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றார். எனக்கு அப்போதுதான் பிடிவாதம் இன்னும் ஏறிற்று.

வருஷா வருஷம் அந்த விபத்து நடந்த தேதியில் சிலைக்கு மாலை போட்டு, மைக் வைத்துக் கூட்டம் நடத்துவார்கள். அந்த நான்கு குடும்பத்தாரையும் முன்வரிசையில் உட்கார வைத்துச் சால்வை போர்த்துவார்கள். எங்களைக் கூப்பிட்டதில்லை, நாங்களும் போனதில்லை. உண்மையைச் சொன்னால், சங்கத்தைவிட எனக்கு அந்த முன்வரிசையைக் கண்டால்தான் பயம். என் அண்ணனைத் தூக்கப் போய்த்தானே அவர்கள் வீட்டு ஆண்கள் செத்தார்கள்? அவர்கள் முகத்தைப் பார்த்து நான் என்ன பேச?

அந்த வருஷம் போனேன். முந்தின நாளே அண்ணன் தட்டில் கடை மிஷினை வைத்து ஓட்டை போட்டுக்கொண்டேன். முதலாளியிடம் சுவரில் துளை போடுகிற டிரில் மிஷினைக் கேட்டு வாங்கினேன். புறப்படும்போது அம்மா வாசலை மறித்தாள்.

"எம்புள்ள துன்ன தட்ட எட்த்துகினு எங்கடி போற?"

"அண்ணனுக்கு எடம் போடப் போறேம்மா."

அம்மா உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

நாங்கள் போனபோது தலைவர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். நான் சத்தம் போடாமல் மைக்செட்காரரிடம் போய், மிஷினுக்கு கரண்ட் வேண்டும் என்றேன். அவர் முன்பின் தெரியாதவர். மிஷினைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், என் பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்தார். "பேரு மாட்டவா? இந்தா தங்கச்சி, இதுல சொருவு" என்று ஒரு பிளக்கைக் காட்டினார். இன்றுவரை அவர் யாரென்று தெரியாது. எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

கிரானைட் கல்லுக்குக் கீழே பீடத்தில் மிஷினை வைத்து அழுத்தினேன். மைக்கில் தலைவர் "தியாகம்" என்று சொல்லவும் மிஷின் டர்ர்ரென்று கத்தவும் சரியாக இருந்தது. கூட்டம் மொத்தமும் திரும்பியது. ஒரு துளை முடிந்து அடுத்ததை ஆரம்பிப்பதற்குள் இரண்டு பேர் ஓடிவந்து வயரைப் பிடுங்கிவிட்டார்கள்.

"இன்னாம்மா, துக்க எடத்துல வந்து கலாட்டா பண்ற?" என்றார் தலைவர்.

மிஷினைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தேன். "சக தொழிலாளின்னு கல்லுல வெட்டிக்கீறீங்களே, அந்த ஆளு யாருண்ணே? பேரு கெடையாதா அவனுக்கு? அவன் செத்துப் போவலியா? இல்ல, கான்ட்ராக்ட்டுல செத்தா அது சாவுல சேராதா?"

அவர் பதில் சொல்வதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். இறந்துபோன ஒருவருடைய அப்பா. "அவன் ஒருத்தனாலதாம்மா எம்புள்ளயும் பூட்டான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

இத்தனை வருஷமும் யாராவது என் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்களோ என்று நான் பயந்துகொண்டிருந்த வார்த்தை அதுதான். அம்மா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். தட்டை எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

அப்போது அதே வரிசையிலிருந்து ஒரு அக்கா எழுந்து வந்தார். அண்ணனைத் தூக்க முதலில் இறங்கின தொழிலாளியின் மனைவி. தண்டையார்பேட்டைக்காரர். முந்தானையைத் தலைக்கு இழுத்து விட்டுக்கொண்டே என் முன்னால் வந்து நின்றார். அறையப் போகிறார் என்றுதான் நினைத்தேன். என் கையிலிருந்த தட்டை வாங்கினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, என் கோணல் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி, அண்ணன் பெயரை உரக்கப் படித்தார். பக்கத்திலேயே மைக் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் என் அண்ணன் பெயர் கேட்டது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அக்கா அந்தப் பெரியவரிடம் திரும்பினார். "நைனா, எங்க வூட்டுக்காரரு எதுக்கு உள்ள எறங்குனாரு? இந்தப் புள்ளயத் தூக்கத்தான? இவன் பேரே வேணாம்னா, எம்புருசன் யாரத் தூக்கப் போனாரு? சும்மானாச்சியும் போயி செத்தாரா?"

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா தலைவரைப் பார்த்தார். "அவரு உள்ள எறங்குறப்ப, நீ மெம்பரா இல்லியான்னு கேட்டுகினா எறங்குனாரு?"

அக்கா என் பக்கம் திரும்பி, "நீ இன்னா பாத்துகினு கீற? போடு மிஷின" என்றார். மைக்செட்காரர் யாரையும் கேட்காமல் பிளக்கை மறுபடி சொருகினார். நான் துளை போட்டேன். அந்த அக்கா தட்டைப் பிடித்துக்கொண்டார். கடைசி ஸ்க்ரூவை அம்மாதான் முடுக்கினாள், திருப்பத் தெரியாமல் இரண்டு தடவை தப்பான பக்கம் திருப்பி.

எல்லாம் முடிந்த பிறகு தலைவர் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். "இந்த நால்வரும்..." என்று பழக்கத்தில் ஆரம்பித்து, நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த ஐவரும்" என்றார். அப்போது அந்தப் பெரியவர் நிமிர்ந்து பார்த்ததை நான் கவனித்தேன். அவர் என்ன நினைத்தாரோ தெரியாது. அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வராது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். கல்லில் இன்னும் 'நால்வர்' என்றுதான் வெட்டியிருக்கிறது. மாற்றுவதற்குக் கமிட்டி கூட வேண்டுமாம். அவர்கள் கூடட்டும். அதுவரை நானே 'ஐ' எழுதிக்கொள்கிறேன். இப்போதெல்லாம் அதை யாரும் துடைப்பதில்லை. கடல் காற்றும் எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பலும்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கின்றன. மங்கினதும் பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு போவேன். சில சமயம் அந்த அக்காவும் வருவார், வெற்றிலை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று, "ஐ-க்கு சுழி சரியா வரல பாரு" என்று குறை சொல்வார். தட்டில் லேசாக உப்புப் புள்ளிகள் விழுந்திருக்கின்றன. அம்மா பஸ்ஸில் இப்போது சிலைப் பக்கத்து ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிறாள்.

ஒருவனுடைய பெயரை மட்டும் விட்டுவிட்டால், அவனுக்காகச் செத்தவர்களின் பெயருக்கும் அர்த்தமில்லாமல் போகும் என்பதை எனக்கு அந்த அக்காதான் புரிய வைத்தார். இங்கே நான் யார் பெயரையும் எழுதவில்லை, அண்ணன் பெயரையும் எழுதவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அது நடுரோட்டில், வெயிலில் மின்னிக்கொண்டு, பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி இருக்கிறது. வேண்டுமென்றால் வந்து படித்துக்கொள்ளுங்கள்.