பாதியில் நின்ற ஏணி

எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி அமைதியாக நாலு வரி எழுத நினைக்கிறேன். ஆனால் அவர் ஓரிடத்தில் அமைதியாக உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை.

அக்கா சேலத்துக்கு மேலே மலையில் இருக்கும் மாரமங்கலத்தில் பிறந்தார். பெற்றோர் காப்பி எஸ்டேட்டில் வேலை செய்தார்கள். சேலத்துக்குப் பஸ்ஸில் போய் வந்து இயந்திரவியல் படித்தார். கடலையே பார்த்திராதவருக்குச் சென்னையில் கப்பல் சாதனங்கள் செய்யும் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. கப்பலின் பக்கவாட்டில் உள்ளடங்கியிருந்து, ஆள் ஏறும்போது மட்டும் வெளியே நீளும் ஏணிகளை வடிவமைத்தார்.

அவர் வரைந்த ஏணி ஒன்று துறைமுகத்துக்கு வெளியே கடலில் பாதியிலேயே நின்றுவிட்டது. கப்பலைத் துறைமுகத்துக்குள் நடத்தி வருவதற்காகப் படகிலிருந்து ஏறிய பைலட் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். பராமரிப்புக் குறை என்று விசாரணை முடிந்தது. நிறுவனத்தில் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். அக்கா மட்டும் என்னை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார்.

"அந்த ஏணி நான் வரைஞ்சதுங்க," என்றார்.

பைலட் ஐயா, "அது சரியாப் பூட்டலைன்னு மேல நின்னவங்களுக்கும் தெரியலை, எனக்கும் தெரியலைம்மா" என்றார்.

ஏணி முழுதாக நீண்டு பூட்டிக்கொள்ளும் வரை கீழ்ப்படிகள் மடிந்தே இருந்து, யாரும் கால் வைக்க முடியாதபடி அக்கா புதிதாக வரைந்தார். நிறுவனம் பலமுறை திருப்பி அனுப்பியது. ஊருக்கு வந்தாலும் கையில் வரைபடம்தான்.

"சித்த உக்காரு கண்ணு, சோறு ஆறுது," என்பார் அம்மா.

"பழைய ஏணியில இன்னும் ஆளுங்க ஏறிட்டிருக்காங்கம்மா," என்று நின்றபடியே சாப்பிடுவார்.

புதிய ஏணியைக் கடலில் சோதித்த அன்று, நீச்சல் தெரியாத அக்காதான் முதலில் ஏறினார். பழைய ஏணிகளை மாற்றச் சொல்லி ஒவ்வொரு கப்பல் நிறுவனமாகப் பேசத் தொடங்கிய சமயத்தில் புற்றுநோய் தெரிந்தது. கடைசி வாரங்களிலும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஊரில் செல்போன் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு நடந்துபோய் அவர்களிடம் பேசினார்.

பக்கத்து ஊர் வாழவந்தியிலிருந்து வந்து அக்காவைக் குளிப்பாட்டிப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மாவுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த ஊராருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஊன்றுகோலுடன் மலையேறி வந்த பைலட் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி. சடங்கு முடிந்ததும் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"பழைய ஏணியோட இன்னும் எத்தனை கப்பல் தம்பி?"

"ரெண்டுங்க ஐயா."

அவரே பேசி ஒன்றில் ஏணியை மாற்றவைத்தார். மற்றொன்று கடலில் இருக்கிறது. அந்தக் கப்பலின் நிறுவனத்துக்கு நாங்கள் கடிதம் எழுதியிருக்கிறோம். இந்த நினைவு மலர் அச்சுக்குப் போகும் வரை பதில் வரவில்லை.