எழுதிக் குடுத்தத வாசிக்காத மைக்குக்காரன்

ஏலே, பேச்ச நிறுத்திட்டு அப்படியே இங்கன உக்காருங்க. அடுத்தவுக சரக்குக்காக ஊர் முன்னாடி வாயத் தொறக்குற அத்தன பேரும் முன்னால வாங்க. நீங்கதான் நம்ம ஆளுக. இந்தத் தொழில்ல துணி கிழிஞ்சா கடைக்காரர வைய மாட்டாக, மைக்குக்காரனத்தான் வைவாக. எழுவதுகள்ல சின்னமனூர் ஜவுளிக்கடை ஒண்ணுக்கு நாந்தான் மைக்கு. ஜீப்பு மேல கொழா ஸ்பீக்கரக் கட்டிக்கிட்டு ஊர் ஊராப் போவோம். ஓட்டுறது ஆரோக்கியம் அண்ணன். கியர் சத்தம் கேக்கும், அவரு சத்தம் கேக்காது.

யாருக்கு எடுப்பு?

மொதலாளி ஒரு வாத்தியாரப் புடிச்சு எழுதி வாங்கிட்டு வந்தாக. "பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட பெருமக்களே, இதுகாறும் தாங்கள் நல்கிய நல்லாதரவிற்கு..." ஒரு புள்ளி மாறக் கூடாதுன்னு உத்தரவு. சந்தை வாசல்ல வாசிச்சேன், வாத்தியாரு மாதிரியே மூக்கால, இழுத்து இழுத்து.

கத்திரிக்கா வித்துக்கிட்டிருந்த அம்மா தராசக் கீழ வச்சுச்சு. முந்தானையத் தலையில போட்டுக்கிட்டுக் கேட்டுச்சு: "யாருப்பா தவறுனது? எடுப்பு எத்தன மணிக்கு?"

அன்னைக்குத் தாள மடிச்சு ஜீப்புல சொருகுனவன்தான், திரும்ப எடுக்கல.

கம்பத்து ராவுத்தர்

கம்பத்துல என் பாணியில வெளுத்துக் கட்டுனேன். "தொவச்சாலும் சாயம் போகாது, அடிச்சாலும் போகாது." டீக்கடையில இருந்த ராவுத்தர் ஒருத்தர் கிளாஸோட எந்திரிச்சு வந்தாக.

"தம்பி, அந்த மைக்க எறக்கி வச்சுட்டு ஏங் கண்ணப் பாத்துச் சொல்லு. சாயம் போகாதா?"

எறக்கி வச்சு அவுக கண்ணப் பாத்தேன். திரும்ப மைக்க எடுத்தேன். "செவப்புச் சீல மட்டும் மொதத் தண்ணியில சாயம் விடும். மத்தது விடாது." சேதி எனக்கு முன்னாடி சின்னமனூர் போயிருச்சு. மொதலாளி வாசல்லயே நின்னாக. "கடைசியா ஒருக்கா மேகமலை தேயிலத் தோட்டத்துக்குப் போ. அங்கருந்து நம்ம கடைக்குக் கூட்டம் எறங்கலன்னா மைக்கக் குடுத்துட்டு நடையக் கட்டு. தாளப் பாத்து வாசிக்கணும், தெரியுதா?"

மைக்கப் புடுங்கலாம், வாயப் புடுங்க முடியுமா? "பாப்போம்"ன்னேன்.

கங்காணி குரலு

மலை ரோட்டுல ஒரே பனி. அண்ணன் ஜீப்புக் கண்ணாடியத் தொடச்சுத் தொடச்சு ஓட்டுனாரு. ஞாயித்துக்கெழம, தொழிலாளிக இருக்குற லயத்துல கதவெல்லாம் சாத்திக் கெடக்கு. கூட்டஞ் சேக்கணுமே? காலையில பேரெடுத்து வேலைக்கு வெரட்டுற கங்காணி மாதிரியே கத்துனேன்: "ஏலே, மஸ்டருக்கு வாங்க, வெரசா!"

கதவு பூராந் தொறந்துச்சு. கூடையும் தலத்துணியுமா ஓடி வந்தவுக என்னயப் பாத்ததும் மொறச்சாக. ஒருத்தன் கல்லே எடுத்துட்டான். பாண்டியம்மான்னு ஒரு அக்கா அவன் கையப் புடிச்சுக்கிட்டு என்னயப் பாத்துச் சொன்னா: "அந்தாளு குரல ஆறு நாளும் கேக்குறோம். இன்னைக்கும் அதுதானா? ஒன் குரல்ல கூப்புடு, வாரோம்."

கூப்புட்டேன். செவப்புச் சீல சாயம் விடுங்குறதையும் மறைக்கல.

கடை வாசல்

சம்பளம் போட்ட மறு ஞாயிறு, லாரி நெறய வந்து எறங்குனாக. பாண்டியம்மாக்கா நேரா உள்ள போயி, "சாயம் விடுற செவப்பு வேணாம். மத்தது எல்லாத்தையும் எடுத்துப் போடுங்க"ன்னா. மொதலாளி நெஞ்ச நிமித்திக்கிட்டு என்னயப் பாத்தாக. "பாத்தியாடா, தாள ஒழுங்கா வாசிச்சா எம்புட்டுக் கூட்டம்னு."

நான் ஜீப்புப் பக்கம் திரும்புனேன். ஜீப்புல சாஞ்சு நின்ன ஆரோக்கியம் அண்ணன் மெதுவாச் சொன்னாரு:

"தாளு நல்ல தாளுதான் மொதலாளி, கண்ணாடியில பனி தொடைக்க."